உலகம் ஹார்ன் அடிக்காத நிமிஷம்

ஒரு ஊருல ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனிக்கு ஒருத்தர் பின்னால ஒருத்தரா அஞ்சு முதலாளி, அஞ்சு பேரும் அஞ்சு சீமை, ஆனா கேன்டீன் சாம்பார் மட்டும் முதல் முதலாளி காலத்துல எவ்வளவு தண்ணியா இருந்துச்சோ அஞ்சாவது முதலாளி காலத்துலயும் அவ்வளவு தண்ணியாத்தான் இருந்துச்சு. ஊரு அம்பத்தூர் எஸ்டேட். கம்பெனி செய்யறது ஹார்ன், காருக்கு, லாரிக்கு, பைக்குக்கு, ஆட்டோவுக்கு. அறுபதாவது வருஷத்துக்கு மலர் போடறோம், நீங்க பழைய ஆளு, கம்பெனி வரலாறு எழுதிக் குடுங்கன்னு எச்.ஆர்.ல இருந்து ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க ஆன்ட்டின்னுச்சு. ஆன்ட்டியாம்! என் பேரு தனபாக்கியம், எஸ்டேட்டே பாக்கியக்கான்னு கூப்பிடும், ஹார்ன் டெஸ்டிங்ல நின்னு நின்னே காலு வீங்கினவ நான், எனக்கு நல்லதா எழுத வராது, நடந்ததைத்தான் எழுத வரும்.

மொதல்ல கங்காதர முதலியார். ரப்பர் பந்தை அமுக்கினா பாம் பாம்னு கத்தற ஹார்னைத் தகரக் கொட்டாயில செஞ்சவரு. செஞ்ச ஒவ்வொண்ணையும் வாசல்ல தூங்கற நாய் காதுகிட்ட கொண்டு போய் அவரே அமுக்குவாராம், நாய் காதைத் தூக்கினா காருக்கு, எழுந்து ஓடினா லாரிக்கு, அதுக்குமேல சோதனைன்னு ஒண்ணும் கிடையாது. அப்புறம் ஜெர்மன்காரன் பிராங்வால்ட் வந்தான், அவன் காலத்துலதான் நான் கல்யாணமான கையோட வேலைக்குச் சேர்ந்தேன், லேட்டா வந்தா அவன் திட்டமாட்டான், கடிகாரத்தைப் பார்ப்பான், அப்புறம் நம்மளைப் பார்ப்பான், அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம். அப்புறம் இத்தாலிக்காரன் தொரெல்லி வந்தான், எல்லாரையும் கட்டிப் பிடிச்சான், பிரியாணி சாப்பிட்டான், வித்துட்டுப் போயிட்டான். அப்புறம் ஜப்பான்காரன் கினோசாவா வந்து தரையெல்லாம் மஞ்சக் கோடு போட்டு, துடைப்பத்துக்கு ஒரு கட்டம், வாளிக்கு ஒரு கட்டம்னு பிரிச்சு, கட்டம் இல்லாத பொருள் கம்பெனியில இருக்கக்கூடாதுன்னு சொல்லி, காலையில எல்லாரையும் கையைக் காலை ஆட்ட வச்சுட்டுப் போனான். அஞ்சாவதா பனி பேயற சீமையில இருந்து நூர்ட்ஹெல்ம் வந்தான். போறவன் ஒவ்வொருத்தனும் கொஞ்சம் பங்கை வச்சுட்டே போனதால பழைய பேரை யாரும் எடுக்கல, புதுப் பேரை மட்டும் ஒட்டிக்கிட்டே வந்தாங்க, கங்கா பிராங்வால்ட் தொரெல்லி கினோசாவா நூர்ட்ஹெல்ம் ஹார்ன்ஸ்னு போர்டு காம்பவுண்டைத் தாண்டிப் பக்கத்து டயர் பட்டறை சுவர் வரைக்கும் போயிடுச்சு, கடைசி எழுத்து மேல பட்டறை கவுஸ் பாய் துண்டு காயப் போடுவாரு.

நூர்ட்ஹெல்ம் எங்களை வாங்கினதே மூடறதுக்குத்தான்னு பேச்சு. மூடற வரைக்கும் யாரும் வழுக்கி விழுந்து கையைக் காலை உடைச்சிக்கக் கூடாதுன்னு ஹோல்கர்னு ஒரு துரையை அனுப்பினாங்க, அவரு ஆயுத பூஜைக்கு மொத நாள் வந்து இறங்கி, மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கறதைப் பார்த்துட்டுச் சும்மா இருந்தாரு, பூசணிக்காயைப் பார்த்ததும் முகம் மாறிட்டாரு. எங்க மேனேஜர் விஸ்வேஸ்வரன் சார் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே வந்து சொன்னாரு.

"பூசணிக்காயைத் தரையில உடைக்கக் கூடாதாம். வழுக்குமாம். வேணும்னா கையுறை போட்டுக்கிட்டு மேசை மேல வச்சுக் கத்தியால நறுக்கலாமாம்."

"நறுக்கினா அது கூட்டு சார்," நான் சொன்னேன். "திருஷ்டி கழிக்கறது இல்ல."

நம்மாளுங்க இதுக்கெல்லாம் அடங்கற ஆளுங்களா? தடிமனா ரப்பர் பாய் விரிச்ச தரை, வழுக்காத தரை, கம்பெனியில ஒரே ஒரு இடத்துலதான் இருந்துச்சு, அது நான் வேலை பார்க்கற டெஸ்டிங் ரூம், சுவரு பூரா மெத்தை மாதிரி ஸ்பாஞ்சு, உள்ள இடியே விழுந்தாலும் வெளிய கேக்காது, துரைக்கும் தெரியாது. பூசணிக்காயை அங்க கொண்டு போனோம். அசெம்பிளியில வேலை செய்யற ஜெயசீலி, கழுத்துல சிலுவை, கையில கற்பூரம், அவதான் ஏத்தினா, வருஷா வருஷம் அவதான் ஏத்துவா. ஊரு கண்ணு, உறவு கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, கொள்ளிக் கண்ணுன்னு என் தொண்டை கிழியக் கத்திச் சுத்தினேன், நடுவுல தள்ளினவனை, முண்டினவனை, செருப்போட வந்தவனை எல்லாம் பேரு சொல்லித் திட்டினேன், போட்டு உடைச்சேன். கத்தின சத்தம் வெளிய போகணும், போய்க் கண்ணு வச்சவன் காதுல விழணும், அதுக்குத்தான் வாசல்ல உடைக்கறது, இது எங்களுக்குத் தோணவே இல்ல பாருங்க. போக வழியில்லாத என் குரல் அந்த ரூம்ல அடுக்கி வச்சிருந்த ஹார்னுங்களுக்குள்ள போயிடுச்சு.

லீவு முடிஞ்சு மொத ஹார்னை அமுக்கினேன். "வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"ன்னுச்சு, என் குரல்ல. அடுத்தது லாரிக்கான பெட்டி, அதை அமுக்கினேன். "ஏய், ஒதுங்கு! ரோடு என்ன உங்கப்பன் வூட்டுதா?" பைக் ஹார்னு, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்னங்கடா இதுன்னு கேக்க வாயைத் தொறந்தேன், வெறும் காத்துதான் வந்துச்சு.

குவாலிட்டிக்காரங்க ஓடி வந்தாங்க, மீட்டரை வச்சாங்க, அளந்தாங்க. சத்தம் எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு இருக்கு சார்னாங்க. டிராயிங்கைப் பிரிச்சுப் பார்த்தாங்க, ஹார்ன் இவ்வளவு உயரத்துல இவ்வளவு நேரம் ஒலிக்கணும்னு இருந்துச்சே ஒழிய, தமிழ்ல ஒலிக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. விஸ்வேஸ்வரன் சார் டிராயிங்கைச் சுருட்டி வச்சாரு. "அனுப்பிடு"ன்னாரு. அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்கம்மா, தொண்டை கட்டியிருக்கும்"ன்னாரு. நான் திட்டினேன். அவருக்குக் கேக்கல.

அன்னையில இருந்து அந்த லைன்ல எந்த ஹார்னைச் செஞ்சாலும் அது என் குரல்தான். கப்பல் ஏறி, கார் ஏறி, ஏழு கடல் தாண்டி என் குரல் போய் இறங்குச்சு. பனி பேயற சீமையில சாலையைக் கடக்கற கெழவரு ஒருத்தரைப் பார்த்து ஒரு காரு "வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"ன்னு கேட்டுச்சாம், அவரு நின்னு, தொப்பியைக் கழட்டி, என்ன சொல்லுதுன்னு விசாரிச்சு, அங்க படிக்க வந்திருந்த நம்ம திருநெல்வேலிப் பையன் ஒருத்தன் அர்த்தம் சொன்னதும், பாதி ரோட்டுல இருந்தே வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டு வந்தாராம். அதுல இருந்து அந்த ஊரே வீட்ல சொல்லாம படி இறங்கறது இல்ல. விபத்து குறைஞ்சுச்சு, விவாகரத்து குறைஞ்சுச்சு, மந்திரி டிவியில வந்து பேசினாரு. வீட்ல யாரும் இல்லாதவங்க காலையில வண்டி கிட்டப் போய் நின்னு, மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வர்றேன்னு ஹார்ன்கிட்டயே சொல்லிட்டுப் போனாங்களாம். மத்த சீமைக்காரனும் எங்களுக்கும் அந்தத் திட்டற ஹார்ன் வேணும்னு கேட்டான். கம்பெனியை மூடற பேச்சையே யாரும் எடுக்கல. சென்னையில மட்டும் ரொம்ப நாள் யாருக்கும் வித்தியாசமே தெரியல, ரோட்டுல என்னிக்கும் கேக்கறதுதானேன்னு போயிக்கிட்டே இருந்தாங்க.

எல்லாருக்கும் நல்லதாப் போச்சு, எனக்குத்தான் வாய் இல்லாம போச்சு. ஜெயசீலி ஒரு பேட்டரியும், அன்னைக்கு நான் அமுக்கின வரிசையிலயே மூணு ஹார்னும் ஒயர் கூடையில வச்சு, சுவிட்சு மாட்டிக் குடுத்தா. அந்த மூணு வாக்கியத்தை வச்சுத்தான் குடும்பம் நடத்தினேன். மீன்காரி விலை சொன்னா ரெண்டாவது சுவிட்சு, அதுக்கு நல்ல பலன் இருந்துச்சு. வீட்டுக்கு விருந்தாளி வந்தா வாங்கன்னு கூப்பிட வழியில்ல, மொத சுவிட்சை அமுக்கினா வந்தவங்க வாசலோட திரும்பிப் போனாங்க. கோயில்ல குருக்கள் பேரு நட்சத்திரம் கேட்டாரு, எதை அமுக்கறதுன்னு தெரியாம மூணாவதை அமுக்கிட்டேன், அவரு அதுக்கப்புறம் என் தட்டுப் பக்கமே வரல.

என் வீட்டுக்காரர் கஜபதி ஷேர் ஆட்டோ ஓட்டறாரு. என் வாய் போன மொத வாரம் மனுஷன் முகத்துல அப்படி ஒரு தெளிவு, பொறுமையாச் சாப்பிட்டாரு, பேப்பர் படிச்சாரு, பாட்டுக்கூடப் பாடினாரு. ரெண்டாவது வாரம் சோறு இறங்கல. மூணாவது வாரம் என் எதிர்ல வந்து உக்காந்து, "திட்டுடி, ஏதாச்சும் திட்டு, கண்ணாலயாச்சும் திட்டு"ன்னாரு. கண்ணால எவ்வளவுதான் திட்டறது? அப்புறம் கம்பெனிக்கு வந்து எங்க ஹார்ன் ஒண்ணைக் கேட்டு வாங்கி ஆட்டோவுல மாட்டிக்கிட்டாரு. ஆளே இல்லாத ரோட்டுல அமுக்கிக்கிட்டுப் போவாரு. "வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" "சொல்லிட்டுத்தாம்மா வந்தேன்"னு தனியாப் பதில் சொல்லிக்கிட்டுப் போறாருன்னு எஸ்டேட்ல பேசிக்கிட்டாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. என் குரல் எனக்கு வேணும், வேற எதுவும் வேணாம், அதுதான் அப்ப என் வேண்டுதல்.

இப்படி இருக்கறப்ப ஆறாவது கம்பெனி வந்துச்சு. முன்னாடி வந்த அஞ்சையும் ஒரே வாயில முழுங்கற அளவு பெருசு. அவங்களுக்கு மிஷின் வேணாம், இடம் வேணாம், குரல்தான் வேணும். விலை பேசி, கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கி, கேக் வெட்டி எல்லாம் முடிஞ்சப்புறம் ரெண்டு பக்கத்து வக்கீலுங்களும் ஒரு சிக்கலைக் கண்டுபிடிச்சாங்க. குரல் ஒரு ஆளோட சொத்து, அந்த ஆளு பதிவாளர் எதிர்ல தன் சொந்தக் குரல்ல 'சம்மதம்'னு சொல்லணும், அப்பதான் கைமாறும். கைமாறிட்டா கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் வேலை உறுதி, இல்லன்னா நூர்ட்ஹெல்ம் பழையபடி மூடற பேச்சை எடுத்துடுவான்னு விஸ்வேஸ்வரன் சார் சொன்னாரு. கைமாறிட்டா என் குரல் என்னிக்கும் திரும்பாதுன்னும் அவருதான் சொன்னாரு, ஆனா அதை மெதுவாச் சொன்னாரு.

ஜெயசீலி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, நான் கேக்கக் கூடாது. ஆனா குரல் போனா உனக்கு ஒருத்திக்குக் கஷ்டம், கம்பெனி போனா நம்ம எல்லாருக்கும் கஷ்டம். நான் கேக்கலக்கா, நீயே பாத்துக்கோ." கேக்கலன்னு சொல்லிக்கிட்டே கேக்கறதுல அவளை மிஞ்ச ஆளில்ல. நான் தலையை ஆட்டினேன். என்ன பண்றது, ஊரோட ஒத்து வாழணும்.

சம்மதம்னு சொல்லக் குரல் வேணுமே, அது ஊர் ஊராச் சுத்துதே, எப்படி வரவழைக்கறதுன்னு பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க மண்டையை உடைச்சிக்கிட்டாங்க. என் வீட்டுக்காரர்தான் சொன்னாரு. "இதுல என்ன இருக்கு? அது வேலைக்குப் போயிருக்கு. வேலை இல்லன்னா வீட்டுக்கு வரும். எல்லாரும் ஒரு நிமிஷம் ஹார்ன் அடிக்காம இருங்க."

உலகம் பூரா தகவல் போச்சு, ஆயுத பூஜைக்கு மொத நாள், இந்த மணிக்கு, எங்க ஹார்ன் மாட்டின வண்டி எதுவும் ஒரு நிமிஷம் சத்தம் போடக் கூடாது. ஜெர்மன்காரன் சரின்னான், ஜப்பான்காரன் குனிஞ்சு கும்பிட்டுச் சரின்னான், பனி ஊர்க்காரங்க அந்த நிமிஷம் வண்டியையே எடுக்கறதில்லன்னாங்க. எல்லாம் சரி, சென்னையை என்ன பண்றது? சென்னையில ஒரு நிமிஷம்! நீல யூனிபார்ம் போட்ட எங்க ஆளுங்க அத்தனை பேரும் ரோட்டுல இறங்கினாங்க, பாடி பாலத்துல, மண்ணூர்பேட்டையில, ஓ.டி. பஸ் ஸ்டாண்டுல ஒவ்வொரு வண்டி முன்னாலயும் நின்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க, அண்ணே, ஒரே நிமிஷம்ணே, கை வைக்காதீங்கண்ணேன்னு கெஞ்சினாங்க. "ஹார்ன் அடிக்காம பிரேக் எப்படிம்மா போடறது?"ன்னு ஒரு பஸ் டிரைவர் நெஜமாவே கேட்டாராம். சில பேரு ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துக்கிட்டாங்க. ஒருத்தர் துண்டைக் குடுத்து, என்னை நம்பாதீங்க, கட்டிப் போட்டுடுங்கன்னாரு.

நான் மீட்டிங் ஹால்ல மைக் முன்னால உக்காந்திருந்தேன், ஒரு பக்கம் பதிவாளர், ஒரு பக்கம் ஆறாவது கம்பெனிக்காரன். உலகம் பூரா ஓய்ஞ்சிடுச்சுன்னு போன் வந்துச்சு. ஆனா குரல் வரல. எங்கயோ ஒரு ஹார்ன் விட்டுவிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பார்த்தா எங்க கேட்டுக்கு வெளிய, என் வீட்டுக்காரரு ஆட்டோவுல உக்காந்து அமுக்கிக்கிட்டு இருக்காரு. ஜெயசீலி ஓடினா.

"மாமா, கையை எடுங்க மாமா!"

"எடுத்தா போயிடுவாளேம்மா. வித்துட்டா அப்புறம் இதுல யாரு குரல் வருமோ."

"மாமா, அக்கா உள்ள உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கு. எடுங்க."

எடுத்தாரு. அந்த நேரம் என் தொண்டையில ஜில்லுனு பனி இறங்கின மாதிரி இருந்துச்சு, டீசல் வாடை அடிச்சுச்சு, இருமினேன். இருமல் கேட்டுச்சு! ஹால்ல இருந்தவங்க கை தட்டினாங்க.

"சொல்லுங்கம்மா, சம்மதமா?"ன்னு பதிவாளர் மைக்கை நீட்டினாரு. சம்மதம்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன், சத்தியமாச் சொல்றேன். அப்பப் பார்த்து இந்த மனுஷன் கையில சாவியோட மூச்சு வாங்க உள்ள ஓடி வந்தாரு. சட்டைப் பட்டனு ஒண்ணு மாத்தி ஒண்ணு. ஒரு கால்ல அவரு செருப்பு, ஒரு கால்ல என் செருப்பு. தாடியில காலையில தின்ன தேங்காய்ச் சட்னி. யாராலதான் முடியும், நீங்களே சொல்லுங்க?

"யோவ்! என்னய்யா கோலம் இது? பெரிய மனுஷங்க இருக்கற எடத்துக்கு வர்ற லட்சணமா? பட்டன் போடத் தெரியல, அறுபது வயசாகப் போகுது! அது யாரு செருப்புய்யா? நான் வெறுங்கால்ல வந்தேனே, அது உன் கண்ணுல பட்டுச்சா? மூஞ்சியைத் தொடை, சட்னி, இந்தப் பக்கம் இல்லய்யா, அந்தப் பக்கம்! பால்காரன் வந்தா கதவைத் தொறக்கறது இல்ல, கேஸ் தீர்ந்தா சொல்றது இல்ல, மாத்திரை போடச் சொன்னா போட்டேன்னு பொய்யி, எல்லாம் எனக்குத் தெரியும், வாய்தான் இல்ல, கண்ணு இருந்துச்சு! உன்னைக் கட்டிக்கிட்டு நான் பட்டது போதாதா? நீ மட்டும் இல்லன்னா நான்..."

பாடி பாலத்துல காய்கறி டெம்போக்காரன் ஒருத்தனால அதுக்குமேல தாங்க முடியல. அமுக்கிட்டான். என் குரல் போயிடுச்சு.

விஸ்வேஸ்வரன் சார் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. என் வீட்டுக்காரர் மட்டும் கண்ணுல தண்ணி வழியச் சிரிச்சுக்கிட்டு நின்னாரு. ஒரே ஒரு வார்த்தை அக்கா, ஒரே ஒரு வார்த்தைன்னு யூனியன் செயலாளர் அழாத குறையாக் கேட்டாரு. எனக்கும் வெக்கமாப் போச்சு, இத்தனை பேரு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேனேன்னு முந்தானையில முகத்தைப் பொத்திக்கிட்டேன்.

அப்பதான் வக்கீலுங்க ஒப்பந்தத்தைத் திருப்பிப் படிச்சாங்க. சம்மதம் கிடைக்கற வரைக்கும் கம்பெனி இருந்தது இருந்தபடியே இருக்கணும், ஒரு மிஷினை நகர்த்தக் கூடாது, ஒரு ஆளை எடுக்கக் கூடாது, கேட்டைப் பூட்டக் கூடாது. அஞ்சாவது முதலாளியால மூட முடியாது, ஆறாவது முதலாளியால எடுத்துட்டுப் போக முடியாது, ரெண்டு பேராலயும் விலகவும் முடியாது. ஆறாவது கம்பெனிக்காரன் அதை ரெண்டு தடவை படிச்சான். யூனியன் செயலாளர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு. ஹார்ன் அடிக்காத நிமிஷம் இனிமே அடுத்த வருஷம்தான், அதுக்கு மேல உலகம் ஒத்துக்கல.

அந்த வருஷம் பூரா வீட்ல ஒரே கேள்வி. "நீ மட்டும் இல்லன்னா நான்னு ஆரம்பிச்சியே, என்னம்மா சொல்ல வந்தே?" சாப்பிடறப்ப கேப்பாரு, குளிச்சுட்டு வந்து கேப்பாரு. "செத்தே போயிருப்பேன்னு சொல்ல வந்தியா?" நான் ரெண்டாவது சுவிட்சை அமுக்குவேன். "வாழ்ந்தே இருக்க மாட்டேன்னு சொல்ல வந்தியா?" மூணாவது சுவிட்சு. போகப் போக அந்த ஆளு முகம் வாடிப் போச்சு. என்னை ஒரு மாதிரி பயந்து பயந்து பார்ப்பாரு, கஷாயம் வச்சுக் குடுப்பாரு, காலு பிடிச்சு விடட்டுமான்னு கேப்பாரு. மாத்திச் சொல்லிடலாமான்னு எனக்கே தோணுச்சு. அந்த மனுஷன் மேல எனக்கு உயிரு. இதை இங்க எழுதறேன், மலர்ல போட்டுக்கட்டும், வாயால சொல்ல மாட்டேன்.

இந்த வருஷம் யூனியன் கூட்டம் போட்டுத் தீர்மானமே நிறைவேத்திச்சு, தோழர் கஜபதியைத் தொடர்ந்து திட்ட வேண்டும்னு, ஒருமனதா. திட்டு வாங்கற மாதிரி ஏதாச்சும் பண்ணிட்டு வாங்க மாமான்னு ஜெயசீலி அவருகிட்ட ரகசியமாச் சொன்னா. அவரு கேக்கல. சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி என் எதிர்ல வந்து நின்னாரு, திட்டறதுக்கு ஒரு குறைகூட இல்ல, படுபாவி. உலகம் ஓய்ஞ்சுச்சு. பாடி பாலம் ஓய்ஞ்சுச்சு. தொண்டையில பனி இறங்குச்சு. பதிவாளர் மைக்கை நீட்டினாரு.

"நீ மட்டும் இல்லன்னா நான்," ஆரம்பிச்சு ஒரு மூச்சு நிறுத்தினேன், "எப்பவோ உருப்பட்டிருப்பேன்யா!"

அப்படியே நாற்காலியில பொத்துன்னு உக்காந்துட்டாரு. உடம்பெல்லாம் வேர்வை. ரெண்டு கையாலயும் முகத்தைத் தொடைச்சாரு.

"அப்பாடா," அப்படின்னாரு. "ஒரு வருஷமா பயந்து செத்தேன்டி. எங்க நல்ல வார்த்தை ஏதாச்சும் சொல்லித் தொலைச்சிடப் போறியோன்னு."